எதிர் நாற்காலியில் ஓர் அட்டை

எங்கள் பதிப்பகத்தில் அவருக்கு நீதிபதி என்று பெயர். புத்தக அட்டை எதுவானாலும் அவர் சரி என்றால்தான் அச்சுக்குப் போகும். ஓவியர் நாலைந்து மாதிரி போட்டுக் கொண்டுவருவார். நீதிபதி அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் தீர்ப்போடு வருவார்.

"இது கத்துது. இது கதை மொத்தத்தையும் வாசல்லயே சொல்லிடுது, அப்புறம் உள்ள எவன் போவான்? இதுல தலைப்பைத் தேடவே தனியா ஆள் போடணும்."

பெரும்பாலும் அவர் சொன்னதுதான் நடக்கும். நான் மெய்ப்பு பார்க்கிறவள். ஊரார் பிழையெல்லாம் என் கண்ணில் படும், அவரிடம் மட்டும் ஒன்றும் அகப்படவில்லை.

அவர் மனைவி இறந்த பிறகுதான் ஏதோ மாறியது. ஒருநாள் புத்தகக் கடைக்காரர் தன் கடையில் எங்கள் அலமாரியைக் காட்டி, "என்னம்மா, உங்க புத்தகத்துல இருந்தவங்க எல்லாரும் ஊரைக் காலி பண்ணிட்டாங்களா?" என்றார். அட்டைகளில் காலி பெஞ்சு, ஆளில்லாத படகு, சாத்திய ஜன்னல். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அழகுதான். வரிசையாக வைத்தால் எழவு வீடு.

பிறகு ஒரு நகைச்சுவை எழுத்தாளரின் புத்தகம் வந்தது. அதற்கும் ஒற்றைக் குடை, மழையில். விற்காமல் கட்டுக் கட்டாகத் திரும்பி வந்தது. எழுத்தாளர் முதலாளியின் அறைக்கே வந்து, "நான் இன்னும் உயிரோடதான் சார் இருக்கேன், அதுக்குள்ள இரங்கல் கூட்டம் நடத்திட்டீங்களே!" என்றார். எல்லாரும் சிரித்தோம், நீதிபதியைத் தவிர. எழுத்தாளர் போனதும் முதலாளி, "அவரோட அடுத்த புத்தகமும் இப்படி ஆச்சுன்னா அட்டை வேலையை நானே பாத்துக்கறேன் சார்" என்றார். நீதிபதி முகத்தில் ஈயாடவில்லை. மகள் கடல் தாண்டி இருக்கிறாள். இந்த வேலையும் போனால் அவர் வாய் திறந்து பேச ஓர் ஆள் கிடையாது.

அந்த அடுத்த புத்தகம், ஒரு கூட்டுக் குடும்பத்தின் ரகளை. ஓவியர் இரண்டு அட்டை கொடுத்தார். வீட்டுக்கு எடுத்துப்போன நீதிபதி மறுநாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. முதலாளி என்னை அனுப்பினார்.

மாடியில் ஒரே அறை. கதவைத் திறந்தவர் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். சின்ன மேசை, இரண்டு நாற்காலி. எதிர் நாற்காலியில் ஓர் அட்டையை நிமிர்த்தி வைத்திருந்தார். அதில் ஒரு குடும்பமே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரே நேரத்தில் பேசுகிறது, ஒருத்தன் பக்கத்துத் தட்டில் கை வைக்கிறான், ஒரு குழந்தை மேசைக்கு அடியில்.

"உக்காரும்மா" என்றார். எங்கே உட்கார? அட்டையை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை. ஜன்னலோரம் ஒண்டிக்கொண்டேன்.

"இப்படித்தான் அட்டை பாப்பீங்களா சார்?"

"அவ இருந்தவரைக்கும் அவகிட்ட காட்டுவேன். இப்ப அவ இடத்துல வச்சுக்கிட்டு சாப்பிடறேன். சாப்பாடு இறங்குச்சுன்னா நல்ல அட்டை."

எதிர் நாற்காலியைக் காட்டினேன்.

"இதுக்கு?"

"ஒரு வாய் இறங்கல. இத்தன பேர் எதிர்ல உக்காந்து கூச்சல் போட்டா மனுஷன் எப்படி சாப்பிடறது?" என்று எரிந்து விழுந்தார். பிறகு குரல் தணிந்தது. "ஆனா இதுதாம்மா சரி. புத்தகத்தைப் படிச்சேன், உள்ளயும் இதே கூச்சல்தான். பாக்கறவனுக்கு நாமளும் போய் நடுவுல உக்காரலாமான்னு இருக்கும், கையில எடுத்துடுவான்."

"அப்ப ஆபீஸுக்கு வந்து சொல்லியிருக்கலாமே சார்?"

"எப்படிச் சொல்றது? இத்தன நாளா நான் புத்தகத்துக்கு அட்டை பாக்கலம்மா. எனக்குத் துணைக்கு ஆள் பாத்திருக்கேன்."

மூலையில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அட்டையை என்னிடம் நீட்டினார்.

"நாளைக்கு வந்துடுங்க சார். முதலாளிக்கு இது பிடிக்கும்" என்றேன். தலையாட்டினார்.

மேசையோரம் இன்னொரு அட்டை கிடந்தது. வெறும் மேசைமேல் ஒற்றை டம்ளர். ஓவியரிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்று அதையும் எடுத்தேன்.

"அது தோத்த அட்டைதானே?" என்றார். "அது இங்கயே இருக்கட்டும்மா."

கொடுத்துவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டினேன். கதவைச் சாத்தப் போகும்போது பார்த்தேன். டம்ளர் படத்தை எதிர் நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.