எழுத்து அழித்த காசு

என் தாலிக்கொடியில் கோத்திருந்த காசு மலாயாவில், கோப்பெங் மண்ணில் கிடைத்தது. ஈயச் சுரங்கத்தில் மண் வெட்டிக்கொண்டிருந்த அப்பா அதைக் கண்டெடுத்து, யார் கேட்டும் விற்காமல் என் கல்யாணத்துக்கென்று வைத்திருந்தார். கட்டைவிரல் நகத்தளவு தங்கம். வட்டமில்லை, எட்டு மூலை. இரண்டு பக்கமும் ஜாவி எழுத்து.

மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. "தாலிக்குப் பக்கத்துல சாமி இருக்கணும். மலாய்க்காரங்க எழுத்தா இருக்கறது?" என்றார்.

"எங்கப்பா குடுத்தபடியே இருக்கட்டுமே அத்தை" என்றேன். புதுப்பெண் பேசியதே குற்றமாகிவிட்டது. "வாய மூடு" என்று என் வீட்டுக்காரர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, காசை ஈப்போவுக்கு எடுத்துப்போனார். பத்தர் எழுத்தை அரத்தால் ராவி, மூலைகளை உருட்டி, ஒரு லட்சுமியைச் செதுக்கி, வளையமும் பற்றவைத்துக் கொடுத்தார். அந்த லட்சுமிக்கு முகமே சரியாக வரவில்லை, கோபித்துக்கொண்டவள் மாதிரி இருந்தாள். ராவிய தூள் பத்தரோடு போயிற்று.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில். நாலைந்து வருஷம் கழித்து எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் புதிதாக ஒரு வெள்ளைக்காரத் தொரை வந்தார். பழங்காசு சேர்ப்பதில் அவருக்குப் பைத்தியம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி எல்லாருக்கும் சொன்னார்: "பழைய காசு இருந்தா கொண்டாங்க. பாரிட் புந்தார்ல ஒருத்தரு எட்டு மூலைத் தங்கக்காசு ஒண்ணத் தொரைக்கு வித்து, எருமை ஜோடியே வாங்கிட்டாரு."

எட்டு மூலை என்றதும் என் வீட்டுக்காரர் என் கழுத்தைப் பார்த்தார். அன்று முழுக்க எங்களுக்கு அதே பேச்சு. "சிம்பாங் பூலாய்க்குப் போலாம். ஒரு கொட்டகை, ரெண்டு மாடு. ஈப்போவுல பால் ஊத்திப் பொழைச்சுக்கலாம்" என்றார். எனக்கும் ஆசைதான், பொய் சொல்ல மாட்டேன். அப்போது நான் ஆறு மாதம். பிள்ளை இந்த லயத்தில், தோட்டக் கூலிகளின் வரிசை வீட்டில், பிறக்கக் கூடாது என்று இருந்தேன்.

மறுநாள் காசைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். தொரை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு தன் பெட்டியைத் திறந்து, பட்டுத் துணியில் கிடந்த காசைக் காட்டினார். அப்பா கொடுத்ததைப் போலவே, எட்டு மூலையும் எழுத்துமாக இருந்தது. அவர் இங்கிலீஷில் சொன்னதைக் கிராணி எங்களுக்குச் சொன்னார்.

"எழுத்துக்கும் மூலைக்கும்தான்மா விலை. ரெண்டையும் ராவிட்டீங்களே. இனி இது வெறும் தங்கம். எடைக்கு என்ன வருமோ அதான்."

ரப்பர் மரங்களுக்கு நடுவே திரும்பி நடந்தோம். பாதி வழியில் என் வீட்டுக்காரர் நின்றார். "அழிக்காதீங்கன்னு நீயாச்சும் அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

நிஜமாகவே கேட்டார். அவருக்கு நினைவே இல்லை. சொன்னேனே என்று வாய் வரைக்கும் வந்தது, ஆனால் அன்று அவர் மூடச் சொன்னதும் அந்த வாயைத்தான்.

எங்கள் மகள் அந்த லயத்திலேயே பிறந்தாள்.