கிணற்றுச் சுவரில் எழுதியவர்

ஏரல் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது. ரெஜினா மேடத்தின் அண்ணன் அந்தோணி. அவர் அதற்கு முன் ஒருமுறைகூட என்னை அழைத்ததில்லை. வண்டியை ஓரம் கட்டினேன்.

"சார், தங்கச்சி போயிட்டா. விடியக்காலம் நெஞ்சு வலிக்குன்னா. தூத்துக்குடிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிட்டு." பிறகு சொன்னார்: "உங்க ஆபீஸ்ல யாருக்குச் சொல்லணும்னு எனக்குத் தெரியாது. நீங்களே சொல்லிருங்க."

யாருக்குச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. பாலத்துக்கடியில் ஆறு ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. அதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் மறைந்த பிறகு அவரைப் பற்றிச் சொல்லப்பட்ட நல்ல வார்த்தைகளை நானும் கேட்டேன். சொன்னவர்களில் பலர், அவர் உயிரோடு இருந்தபோது என்ன செய்தார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். ஆகவே இந்த அஞ்சலி கசக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரெஜினா மேடம் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகில் ஊர். அப்பாவும் அண்ணனும் கடல் தொழில் செய்தவர்கள். அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் வேளாண்மை படித்து, வேளாண்மை அலுவலராகி, ஏரல் பக்கத்து வாழைத் தோட்டங்களுக்கு வந்தார். நான் அதே அலுவலகத்தில் உதவி அலுவலர். வயதில் எனக்கு அவர் சில ஆண்டுகளே மூத்தவர். ஆனாலும் கடைசிவரை என்னை 'சார்' என்றுதான் அழைத்தார்.

அவர் வந்த புதிதில் கொற்கைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனோம். வானம் கறுத்து நின்றது. தோட்டக்காரர் அவசர அவசரமாக வாழை மூட்டில் யூரியாவை அள்ளி அள்ளி வீசிக்கொண்டிருந்தார்.

"மழைக்கு முன்ன போட்டாத்தான மேடம் உள்ள இறங்கும்" என்றார் அவர்.

"இறங்கும் அண்ணாச்சி. வேரையும் தாண்டி இறங்கும். அதுக்கப்புறம் அது யாரு வீட்டுக்குப் போகுதுன்னு பாத்தீங்களா?"

தோட்டத்து மூலையில் இருந்த கிணற்றைக் கை காட்டினார். ஊர்ப் பெண்கள் அங்கே குடிதண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். தோட்டக்காரர் சிரித்தார். "அந்தத் தண்ணி எளனி கணக்கா இருக்கும்" என்றார்.

"இருக்கும். யூரியா மண்ணுக்குள்ள நைட்ரேட்டா மாறிரும். அதுக்கு ருசியும் கிடையாது, வாடையும் கிடையாது."

திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார்: "பயிருக்குப் பசிக்கும்போது போடணும் சார். இவங்க தங்களுக்குப் பயம் வரும்போது போடுதாங்க." பிற்பாடு எத்தனையோ கூட்டங்களில் இந்த வாக்கியத்தை அவர் சொல்லிக் கேட்டேன். யாரும் மறுத்ததில்லை. கைதட்டிவிட்டுப் போய் மூட்டை வாங்கினார்கள்.

அந்தக் கிணற்றடி ஊரில்தான் செல்வி என்ற இளம் தாயின் குழந்தைக்கு ஆபத்து வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். பிறந்து சில வாரமே ஆன பெண் குழந்தை. தாய்ப்பால் போதாமல் பால் மாவு கலந்து கொடுத்தார்கள். குழந்தையின் உதடும் நகக்கண்ணும் நீலம் பாய்ந்தன. இதயக் கோளாறு என்று பயந்து திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே ஒரு மருத்துவர்தான், எந்தத் தண்ணீரில் பால் கலந்தீர்கள் என்று கேட்டார். குழந்தை பிழைத்துக்கொண்டது.

சேதி காதில் விழுந்த அன்றே ரெஜினா மேடம் போய்க் கிணற்றுத் தண்ணீரை எடுத்து வந்து பரிசோதனைக்கு அனுப்பினார். நைட்ரேட் அளவுக்கு மீறி இருப்பதாக முடிவு வந்ததும், மேலதிகாரிகளுக்கு அனுப்புவதற்கு முன், நேராகச் செல்வியின் வீட்டுக்குப் போனார். நானும் போனேன்.

"நான் பச்சத் தண்ணி கொடுக்கல மேடம்" என்றாள் செல்வி. "கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, ஆற வச்சுத்தான் கலக்குனேன்."

மேடம் அவள் முகத்தைப் பார்த்தார். உண்மையைச் சொல்லாமல் வந்துவிடுவார் என்றுகூட நினைத்தேன்.

"காய்ச்சினா கிருமி சாகும் தாயி. இது சாகாது. தண்ணி வத்த வத்த இன்னும் கெட்டியாகும்."

"அப்ப நான் பாத்துப் பாத்துச் செஞ்சதுதான் பிள்ளைக்கு வெனையாப் போச்சா?"

"உன் மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு அங்கன இருக்கு" என்று வாழைத் தோட்டத்தைக் காட்டினார். செல்வி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அவள் பக்கத்தில் தரையில் மேடமும் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் கிணற்றுச் சுவரில் அவரே சிவப்புப் பெயின்டால் எழுதினார்: 'இந்தத் தண்ணீரைக் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. காய்ச்சினாலும் கூடாது.' அந்த வாரமே யாரோ அதன்மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். மறுபடி எழுதினார். மறுபடி அடித்தார்கள். ஊர்ப் பெயர் கெட்டால் வாழைத்தார் வாங்க வியாபாரி வர மாட்டான் என்பது ஊர்க்காரர்களின் பயம். மூன்றாவது முறை அவர் எழுதிக்கொண்டிருந்தபோது ஊர்த் தலைவர் வந்து நின்றார்.

"உங்க வேலை வயல்ல மேடம். கிணறு எங்க வேலை."

"உங்க கிணத்துக்குள்ள எங்க டிபார்ட்மென்ட் வேலைதான கெடக்கு. மூட்டை மூட்டையாப் போடுங்கன்னு சொல்லிக் கொடுத்தது நாங்கதான. அதான் வந்தேன்."

தூரிகையைக் கீழே வைக்காமல்தான் இதைச் சொன்னார்.

அடுத்த பருவத்தில் உரத்தைக் குறைக்கச் சில குடும்பங்களைச் சம்மதிக்க வைத்தார். செல்வியின் மாமனார் குடும்பமும் அதில் ஒன்று. முதலில் மண் பரிசோதனை. தொழு உரத்திலும், பசுந்தாள் உரமாக மடக்கி உழுத தக்கைப் பூண்டிலும் எவ்வளவு சத்து வருகிறதோ அதைக் கழித்துவிட்டு, குறைகிற அளவுக்கு மட்டும் உர மூட்டை. அதையும் ஒரேயடியாக வீசாமல், வாழை வளர வளரப் பிரித்துப் பிரித்து, வேரோரம் மண்ணைக் கொத்தி மூடுவது. வானம் இருண்டால் மூட்டையைப் பிரிக்கவே கூடாது. வடிகால் ஓரத்தில் கொஞ்ச அகலத்துக்குப் புல்லை வெட்டாமல் விட வேண்டும். வழிந்து வருவதை அது பிடித்துக்கொள்ளும். இவ்வளவுதான் அவருடைய திட்டம். தார்கள் எப்போதும் போலத் திரண்டு வந்தன.

கிணறு மட்டும் மாறவில்லை. அதையும் அவர் ஒளிக்கவில்லை. "வருசக்கணக்கா உள்ள போனது, வெளிய வரவும் வருசம் ஆகும்" என்று கூட்டத்திலேயே சொன்னார். கொஞ்சம் மழுப்பியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. திட்டத்தில் சேராதவர்கள் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு காற்று அடித்தது. தார் தள்ளும் பருவத்தில் வந்த சூறைக்காற்றில் வாழை சரிந்தது. யூரியா தின்று நெடுநெடுவென வளர்ந்த தோட்டங்களில்தான் சேதம் அதிகம். எங்கள் திட்டத் தோட்டங்களில் குறைவு. அன்று வயலில் இறங்கி நடந்த எவருக்கும் அது தெரியும். ஆனால் உரக்கடை ஒன்றின் வாசலில் வேறு பேச்சு கிளம்பியது. உரத்தைக் குறைத்ததால் வாழைக்குத் தெம்பில்லாமல் போய்விட்டதாம். "கடக்கரைக்காரி. மீனுக்குப் பரிஞ்சு பேசுதா. நம்ம வயிறு அவளுக்கு எங்க தெரியும்" என்றார் கடைக்காரர். அவரை மாற்றச் சொல்லி மேலே மனு போயிற்று. செல்வியின் மாமனாரும் கையெழுத்துப் போட்டார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "ஊரோட ஒத்துப் போகணும்லா சார்" என்றார்.

விளாத்திகுளம் பக்கம் மாற்றிவிட்டார்கள். மானாவாரிக் கரிசல். போகும்போது மேடம் சிரித்தார். "உரமே சரியா வாங்க முடியாத ஊருக்கு உரத்தைக் குறைக்கச் சொல்ல அனுப்புதாங்க சார்." அந்தச் சிரிப்பில் என்னால் கலந்துகொள்ள முடியவில்லை.

சொந்த ஊரிலும் அவருக்கு நிம்மதி இல்லை. ஒரு கோடையில், ஆற்றோடு வந்த சத்தில் பாசி பெருகி, முகத்துவாரத்துத் தண்ணீர் பச்சைக் குழம்பாகத் திரண்டு நாறியது. மீன்கள் வயிறு மேலே தெரிய ஒதுங்கின. அவரைப் பார்க்கப் போயிருந்த நான் அந்தோணி பேசியதை நேரில் கேட்டேன்.

"ஏளா, நீ படிச்ச உரப் படிப்புத்தான இங்கன வந்து மெதக்குது?"

"எல்லாம் வயல்ல இருந்து வந்ததில்லண்ணே. ஊர்ச் சாக்கடையும் சேந்து வருது."

"வயல்ல இருந்து வந்தது எவ்வளவு?"

"அளந்து பாக்காம சொல்ல மாட்டேன். ஆனா ஒரு பங்கு எங்களோடதுதான்."

அந்தோணி எழுந்து போனார். அதன் பிறகு பல மாதம் தங்கையோடு அவர் பேசவில்லை. தோட்டக்காரர்களுக்கு அவர் கடற்கரைக்காரி; கடற்கரைக்கு அவர் உர ஆபீஸ்காரி. இரண்டு பக்கத்துக்கும் ஒரே உண்மையைச் சொன்னதுதான் அவர் செய்த குற்றம்.

அடக்கத்தன்று மாதா கோயில் முற்றத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. தெருமுனையில் பெரிய பிளக்ஸ். 'மண்ணின் மகளுக்குக் கண்ணீர் அஞ்சலி.' கீழே உர வியாபாரிகளின் படங்கள் வரிசையாக. மனு எழுதவைத்த கடைக்காரரின் படம்தான் பெரிது. ஊர்த் தலைவர் ஒலிபெருக்கியில், தங்கள் ஊர்த் தண்ணீரைக் காத்த தெய்வம் என்றார். இறங்கி வந்தவரிடம், இப்போது அந்தக் கிணறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இப்ப எல்லாரும் கேன் தண்ணிதான சார்."

"வாங்க முடியாதவங்க?"

அவர் கைபேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்.

செல்வி வந்திருந்தாள். பெட்டியை இறக்கும்போது ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள். அந்தோணி குழிமேட்டிலேயே நின்றார். "அன்னைக்கு நான் கேட்ட கேள்வியை அவகிட்ட கேட்டிருக்கக் கூடாது சார்" என்றார். கேட்டிருக்க வேண்டியது உரம் விற்றவர்களையும் எங்கள் துறையையும் என்பது அவருக்கு இப்போது தெரிந்திருந்தது. நான் அவர் தோளைத் தொட்டேன்.

மேடத்திடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று இந்த நாட்களில் யோசித்தேன். ஆறுதல் எதுவும் மிஞ்சவில்லை. கெட்ட முடிவைச் சம்பந்தப்பட்டவர் வீட்டுக்கே போய், முகத்தைப் பார்த்து, அன்றைக்கே சொல்லிவிடும் பழக்கம் அவருடையது. எனக்கு அது ஒருநாளும் வந்ததில்லை. அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, என் மனைவியின் தம்பி தோட்டத்துக் கிணற்றுப் பரிசோதனை முடிவு என் மேசைக்கு வந்தது; அதிலும் நைட்ரேட் அதிகம். அவர் மகள் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள். சாயங்காலமே போனேன்.

"மாப்ள, இந்தத் தண்ணியைப் பிறக்கப்போற பிள்ளைக்குக் கொடுக்காதீங்க. காய்ச்சியும் கொடுக்காதீங்க. தோட்டத்துக்கு யூரியா போடுததைக் குறைங்க."

"சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்த வேகத்துல பேசுதீரு அத்தான்" என்றார் அவர். முகம் இறுகிவிட்டது. காபி வரவில்லை. வாசல்வரை யாரும் வரவும் இல்லை. நாளைக்கு மறுபடியும் போகப்போகிறேன்.