மாத்திரைக்கு முன்னால் முத்திரை

மருந்துக் கடை வேலை என்றால் மாத்திரையை எண்ணி உறையில் போட்டுக் கொடுப்பது என்று ஊரில் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அமீரகத்து அல் ஐனில் அந்த வேலைக்குச் சேர்ந்த வருஷம் நான் மாத்திரையைத் தொட்டதைவிட ஜெராக்ஸ் மிஷினைத் தொட்டதுதான் அதிகம். எல்லோருக்கும் இன்ஷூரன்ஸ் கார்டு கட்டாயம் என்று அரசாங்கம் சொன்ன புதிது. கார்டைக் காட்டினால் மருந்து கிடைக்கும், ஆனால் விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்கிய கடையில் மட்டும். அந்த விண்ணப்பம் என் தலையில் விழுந்தது. கையில் ஃபைலோடு ஏதாவது ஒரு கவுன்டர் முன்னால் நின்று கால் கடுத்தவரா நீங்கள்? அப்படியானால் நாம் சொந்தக்காரர்கள். உட்காருங்கள், சொல்கிறேன்.

ஏன் நான்?

கடை முதலாளி காதர் பாய், கீழக்கரைக்காரர். மருந்து கொடுக்கும் ரெஜினா அக்காவுக்கு நாகர்கோவில். படித்தவர், லைசென்ஸ் அவர் பேரில். நான் கமுதிப் பக்கம் கிராமத்துப் பள்ளியில் பன்னிரண்டு முடித்தவள். பில் போடவும் அலமாரி துடைக்கவும் சேர்ந்தவள்.

விண்ணப்பம் முப்பது பக்கம். கடை லைசென்ஸ், அக்காவின் லைசென்ஸ், கடையின் வரைபடம், ஃப்ரிஜ்ஜின் ஃபோட்டோ, இருக்கிற மருந்துகளின் பட்டியல். எல்லாம் மூன்று செட். பக்கத்துக்குப் பக்கம் கடை முத்திரை, அதன்மேல் பாயின் கையெழுத்து. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராதே என்று பின்வாங்கினேன். பாய் என் பில் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"இங்கிலீஷை ரெஜினா பாத்துக்கும். அடிச்சுத் திருத்தாம எழுதுற ஆளு இந்தக் கடையில நீ ஒருத்திதாம்மா."

பாதி மாத்திரை

முனியாண்டி அண்ணனுக்கு எங்கள் கடைக்கு எதிர்ப் பார்க்கில் தோட்ட வேலை. சர்க்கரை வியாதி. அதுவரை மாத்திரையை அவர் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்பிலேயே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கார்டு வந்ததும் அதை நிறுத்திவிட்டார்கள். கார்டுக்கு மருந்து தரும் கடை டவுனின் அந்தக் கடைசியில். அண்ணனுக்கு லீவு வெள்ளிக்கிழமை மட்டும். ஒருமுறை அங்கே போனபோது அவர்கள் சொன்னது இவருக்கும், இவர் சொன்னது அவர்களுக்கும் விளங்கவில்லை. அதனால், எங்கள் கடைக்கு அனுமதி வரும்வரை பொறுத்திருப்பது என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். பொறுத்திருந்த லட்சணம் என்னவென்றால், மிச்சமிருந்த மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்கியிருக்கிறார்.

அண்ணனின் சட்டைப் பையில் தெரிந்த போன மாசத்து மாத்திரை அட்டை இன்னும் தீராதது எப்படி என்று ரெஜினா அக்கா குடைந்ததில் விஷயம் வெளியே வந்தது. அக்கா ஏசிய ஏச்சில் நான்தான் நாலடி தள்ளி நின்றேன். பிறகு டிராயரைத் திறந்தார். மருந்துக் கம்பெனி ரெப் விட்டுப்போன அதே மாத்திரை, நாலு சாம்பிள் பெட்டி. பெட்டிக்கு ஏழு. தினமும் டூட்டி முடிந்து நேரே, லீவு வெள்ளியில் கேம்ப்பிலிருந்து, கடைக்கு வந்து, அக்காவின் கண் முன்னால் முழு மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும் என்று உத்தரவு. இருபத்தெட்டு நாள். அதற்குள் அனுமதி வந்தாக வேண்டும். அண்ணன் அக்காவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"ஆத்தா, நீ எழுதுறத எழுது. நான் முழுங்குறத முழுங்குறேன்."

மேல் மூலையில் ஒரு சுழி

எழுதினேன். முத்து முத்தாக எழுதினேன். எட்டாம் நாள் பாயும் நானும் போய் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கவுன்டரில் கொடுத்தோம். அங்கே இந்த ஊர்ப் பெண் ஒருவர், என் வயதுதான் இருக்கும். மருதாணி விரலால் முதல் பக்கத்தின் உச்சியைத் தொட்டு, இது என்ன என்று ஹிந்தியில் கேட்டார்.

பிள்ளையார் சுழி. பரீட்சைப் பேப்பரோ பால் கணக்கோ, காகிதத்தைக் கண்டால் என் கை தானாகப் போடும். முப்பது பக்கத்திலும் போட்டிருந்தேன். ஜெராக்ஸில் இன்னும் அழுத்தமாக விழுந்திருந்தது. அந்தக் கவுன்டரில் நின்றுகொண்டு பிள்ளையாரை எந்த மொழியில் விளக்குவது? 'ஸ்டார்ட் சைன், மேடம்' என்றேன். அவர் சிரித்தார், ஆனால் விடவில்லை. கேட்காத குறி எதுவும் ஃபாரத்தில் இருக்கக் கூடாதாம். இது திருத்தம் என்றால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முத்திரையும் கையெழுத்தும் வேண்டுமாம். இல்லையென்றால் புதுசாக எழுத வேண்டுமாம். மூன்று செட்டையும் அழகாக அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

காரில் நான் தலையே நிமிரவில்லை. முனியாண்டி அண்ணனின் இரண்டாவது பெட்டி அன்றைக்குத்தான் தொடங்கியிருந்தது. மூன்றாவது சிக்னலின் சிவப்பில் பாய் தன் பாக்கெட் நோட்டை எடுத்து என் பக்கம் நீட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 786.

"நல்லவேளை, ஃபாரத்த நான் எழுதல. எழுதியிருந்தா இது எதுக்கு எழுநூத்தி எண்பத்தாறுன்னு கேட்டிருப்பாங்க."

ஃபோட்டோவில் ஒரு டப்பா

இரண்டாம் தடவை சுழியை மேஜையில் விரலால் போட்டுவிட்டு, காகிதத்தைச் சும்மா விட்டேன். வாங்கிக்கொண்டார்கள். அப்பாடா என்று இருந்தபோது போன் வந்தது. ஃப்ரிஜ் ஃபோட்டோவில் கீழ்த்தட்டில் ஒரு வெள்ளை டப்பா தெரிகிறதாம். மருந்துப் பட்டியலில் அது இல்லையாம். என்ன மருந்து?

நானும் அக்காவும் எங்கள் கையிலிருந்த நகலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். என் இட்லி மாவு. காலையில் பக்கத்து மளிகையில் வாங்கி, புளித்துப் பொங்கிவிடப் போகிறதே என்று வைத்தது. அன்று ஒரு நாள்தான், சத்தியமாக. மறுபடி ஃபோட்டோ, மறுபடி முத்திரை, மறுபடி மூன்று நகல். அக்கா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"பிள்ளே, இட்லி மாவுக்கும் சேத்துத்தான் பெர்மிஷன் கேட்டியாக்கும்?"

வீட்டில் ஒரு கிளை

என் மகளுக்கு அப்போது நாலு வயது. ஒர்க் ஷாப்பில் என் வீட்டுக்காரருக்கு மத்தியான ஷிஃப்ட் வரும் நாட்களில் கடையில் என் காலடியில்தான் இருப்பாள். நான் முத்திரை குத்துவதை வாய் திறந்து பார்ப்பாள். ஒரு நாள் டூட்டி முடிந்து பசியோடு வந்த மனுஷன் தட்டை நீட்டினால், இவள் நடுவில் நிற்கிறாள். கையில் மருந்து பாட்டில் மூடி. தட்டைத் திருப்பிப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், 'முடிஞ்சுபோச்சு' என்பதைக் கடையில் பொறுக்கிய அரபியில் சொன்னாள்.

"நோ ஸ்டாம்ப், நோ தோசை. டாடி, கலாஸ்."

தீராத சாம்பிள்

இருபத்தெட்டாம் நாளும் வந்தது. அனுமதி வரவில்லை. மறுநாள் சாயங்காலம் அண்ணன் வழக்கம்போல் செருப்பின் மண்ணைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். நான் பில் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். பாய் எழுந்தார். ரெப் வந்தான், இன்னும் கொஞ்சம் சாம்பிள் போட்டுட்டுப் போனான் என்று சாதாரணமாகச் சொல்லி, டிராயரிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

எந்த ரெப்பும் வரவில்லை. இந்த நாட்டில் விற்கிற மருந்துப் பெட்டி ஒவ்வொன்றிலும் விலை ஸ்டிக்கர் இருக்கும், சாம்பிளில் இருக்காது. மத்தியானம் பாய் உள்ளறையில் உட்கார்ந்து நகத்தால் எதைச் சுரண்டிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அக்காவுக்கும் புரிந்திருக்க வேண்டும். கூலரில் தண்ணீர் பிடித்து அண்ணனிடம் நீட்டினார். இப்படியே பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் ஃபேக்ஸில் அனுமதி வந்தது. பாய் அதையும் மூன்று நகல் எடுக்கச் சொன்னார். பழக்கம். பார்க் கேட்டில் அண்ணனின் தலை தெரிந்ததும் நான் வாசலுக்கே ஓடினேன். எங்கள் கடையின் முதல் கார்டு பில் அவருடையது. முத்திரை குத்தினேன், அவர் கையெழுத்துப் போட்டார், புதுப் பெட்டியை ஸ்டிக்கரோடு அவர் கையில் வைத்தேன். அவர் உடனே போகவில்லை. பெட்டியைத் திருப்பி, மண் படிந்த கட்டைவிரலால் ஸ்டிக்கரைத் தடவினார். பாய் உள்ளறையில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பத்து நாளா சாப்பிட்ட சாம்பிள்லயும் இந்த எடத்துல பசை ஒட்டுச்சு ஆத்தா. பாய்கிட்ட சொல்லிராத, நல்லா மறைச்சுட்டதா நெனச்சுக்கிட்டு இருக்காரு."

ஆக, அந்த வருஷம் எங்கள் கடையில் முத்திரையும் கையெழுத்தும் மூன்று நகலும் இல்லாமல் நடந்த காரியம் ஒன்றே ஒன்றுதான், அதிலும் நோயாளி குறை கண்டுபிடித்துவிட்டார்.