ராமாத்தாள் வைத்த இரண்டு பானைகள்

படித்தவன் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மலாக்காவில் செங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தேன். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களின் பெயரை வாசிப்பது என் வேலை. பெயரைக் கேட்டதும் கையைத் தூக்க வேண்டும். தூக்காதவருக்கு அன்றைக்கு வேலை கிடையாது.

அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவள் ராமாத்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. 1934இல் அவள் செய்த காரியத்தைப் போல ஒன்றை நான் ஏழு ஜென்மம் எடுத்தாலும் செய்யப்போவதில்லை.

அவள் கணவன் சாமிக்கண்ணு நல்ல உழைப்பாளி, கள்ளுக்கடையை மிதிக்காத வரைக்கும். கடையோ ஆட்கள் குடியிருந்த லயத்துக்கு நேர் எதிரில். அந்த வருஷம் பங்குனியில், குடித்துவிட்டுக் கைக்குழந்தையோடு நடந்தவன் கால்வாயில் விழுந்தான். குழந்தையின் தோள் எலும்பு முறிந்தது. சாமிக்கண்ணு மூன்று நாள் அழுதான். நான்காம் நாள் மறுபடியும் கடைக்குப் போனான். இன்னொரு முறை விழுந்தால் பிள்ளை தங்காது என்று ராமாத்தாளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நேரே தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் முன்னால் போய் நின்று, கடையை மூடச் சொல்லிக் கேட்டாள். துரை யோசித்தார். பாதிக்கு மேல் ஆட்கள் மூடச் சொன்னால் மூடுவதாக வாக்குக் கொடுத்தார்.

ஓட்டு எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மறுநாள் காலையில் பெரட்டுக் களத்திலேயே எடுத்தேன்.

"கடை இருக்கட்டும் எண்டு சொல்லுறவை கை தூக்குங்கோ."

களத்தில் நின்ற நூற்றைம்பத்து மூன்று பேரும் தூக்கினார்கள்.

"மூடச் சொல்லுறவை?"

மறுபடியும் நூற்றைம்பத்து மூன்று கைகள்! கடை, கங்காணி வீரப்பனின் தம்பியுடையது. கங்காணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இதுங்களுக்கு ஓட்டு ஒரு கேடா கிராணி?" என்றார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். பத்திரிகையில் சீமைத் தேர்தல்களைப் படித்துவிட்டு டவுனில் மணிக்கணக்காக வாதாடுகிறவன் நான். கண்ணெதிரே இத்தனை பேர் ஏன் இரண்டு முறையும் கை தூக்கினார்கள் என்று யோசிக்க எனக்குப் புத்தி வரவில்லை. நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மத்தியானம் பாலை எடைபோட்ட பிறகு ராமாத்தாள் ஆபீஸ் வாசலுக்கு வந்தாள்.

"ரெண்டு தடவையும் என் கையும்தான்யா மேல போச்சு. கடை இருக்கட்டும்னு நானே தூக்கிட்டேன்! பதினோரு வருசமா அந்த எடத்துல கிராணி வாயத் தொறந்தா கை தானா மேல போவுது."

"இனி என்ன செய்யிறது?"

"அந்த எடம் வேணாம். காலையில வேணாம். பேரு கூப்பிடவே கூடாது. யாரு எதுல போட்டாங்கன்னு யாருக்கும் தெரியக் கூடாது. இந்த ஆம்பளைங்க ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டுத்தான்யா குடிக்கவே போறாங்க."

துரையிடம் போய் விளக்கினேன். அவரும் சிரித்துவிட்டு மறு ஓட்டுக்குச் சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகைக்குள் ராமாத்தாள் இரண்டு மண்பானைகளை வைத்தாள். ஒன்றின் முன்னால் கள்ளுக் குடிக்கும் மங்குக் கிண்ணம். இன்னொன்றின் முன்னால், மூடச் சொல்கிறவர்களுக்காக, ஒரு பூட்டு. ஆளுக்கு ஒரு ரப்பர் கொட்டை; ஒவ்வொருவராக உள்ளே போய்ப் போட வேண்டும். கொட்டை விழும் சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று இரண்டு பானைக்குள்ளும் சாம்பல் பரப்பியிருந்தாள். எனக்கெல்லாம் அது தோன்றியே இருக்காது.

கங்காணி வாசலில் காவல் நிற்கத்தான் வந்தார். "பெரியவங்க நீங்க மொதல்ல போடுங்க" என்று அவரை உள்ளே அனுப்பினாள். வெளியே வந்தவருக்குத் தூரத்து மரத்தடியில் நாற்காலியும் தேத்தண்ணியும் தயாராக இருந்தன. மரியாதை கிடைத்தால் மனுஷர் எங்கே வேண்டுமானாலும் உட்காருவார் என்று அவளுக்குத் தெரியும். நான் பழக்கதோஷத்தில் பெயர்ப் பட்டியலை விரித்தேன். அவள் முறைத்த முறைப்பில் மூடி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் துரையின் முன்னால் பானைகளைக் கவிழ்த்தோம். கங்காணி போட்டதோடு சேர்த்து மொத்தம் நூற்றைம்பத்து நான்கு கொட்டை. மங்குப் பானையில் நாற்பத்தாறு. பூட்டுப் பானையில் நூற்றெட்டு. தோட்டத்தில் பெண்கள் மொத்தம் அறுபத்தொரு பேர்தான். ஒருத்தி விடாமல் பூட்டுக்கே போட்டிருந்தாலும், குறைந்தது நாற்பத்தேழு ஆண்களும் போட்டிருக்க வேண்டும். தினமும் ஒன்றாக உட்கார்ந்து குடித்தவர்கள்! போதும் என்று வாயைத் திறந்தால் மற்றவன் சிரிப்பானே என்று ஒவ்வொருவனும் பயந்துகொண்டே குடித்திருக்கிறான்.

"எவன்டா போட்டது?" என்று கங்காணி கத்தினார். ஆண்கள் அத்தனை பேரும் தாங்கள் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். அதில் சாமிக்கண்ணுவின் குரல்தான் பெரியது.

மறுவாரம் துரை சொன்னபடி கடையை மூடினார். அன்று மாலை லயத்தில் நடந்ததை ராமாத்தாளே எனக்குச் சொன்னாள். சாமிக்கண்ணு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தானாம். பிறகு, "நான் எதுல போட்டேன்னு கேக்க மாட்டியா?" என்றானாம்.

"கேக்க மாட்டேன். கேட்டா எனக்குப் புடிச்சதத்தான் சொல்லுவீங்க. அது உங்களோடயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாளாம்.

எனக்கு மனசு ஆறவில்லை. "தெரிஞ்சுகொள்ள உனக்கு ஆசை இல்லையோ?" என்று கேட்டேன்.

"உசிரே போவுதுய்யா" என்றாள் ராமாத்தாள்.