எழவு சொல்லப் போனவன் குடித்த தண்ணீர்

எங்கள் தெருவில் சாவு விழுந்தால் சேதி சொல்ல என்னை அனுப்ப மாட்டார்கள். "அந்த ஆளு வேணாம்பா, வாசல்லயே போட்டு ஒடச்சுடுவாரு" என்பார்கள். உண்மைதான். நான் படி ஏறமாட்டேன், உட்காரமாட்டேன், ஒரு வாய்த் தண்ணீர் வாங்கமாட்டேன். இன்னார் போய்விட்டார், இன்ன நேரத்துக்கு எடுக்கிறார்கள், கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். கல்நெஞ்சுக்காரன் என்று எனக்குப் பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். நெஞ்சு இளகினவர்கள் பண்ணிவைத்த காரியத்தை நான் ஒரு பகல் முழுக்க சைக்கிளில் சுமந்தவன்.

மாம்பலம் ஏரியைத் தூர்த்து, தியாகராய நகர் என்று பெயர் வைத்து, மனை போட்டுக்கொண்டிருந்த காலம். எனக்கு இருபது வயது இருக்கும். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் ஓட்டு வீடு. அப்பா அம்மா இல்லை. அண்ணன், அண்ணி, நான், எங்கள் மூன்று பேருக்கும் மேலே அதிகாரம் பண்ணப் பெரியப்பா. லஸ் முனையில் சைக்கிள் வாடகைக்கு விடுகிற கடையில் எனக்கு வேலை. ராத்திரி கடை சைக்கிள் ஒன்றை வீட்டுக்கு ஓட்டி வருவேன். அண்ணி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். "ஒரு நாளு என்னப் பின்னால ஒக்கார வெச்சு எங்க ஊருக்கு இட்டுக்கினு போயேன் கொழுந்தனாரே" என்பாள். "நீ ஒக்காந்தா டயரு தாங்காது" என்பேன். மீன் குழம்பு வைத்தால் தலையை எனக்கென்று எடுத்து மூடிவைப்பாள். அண்ணன் கேட்டால் பூனை தின்றுவிட்டது என்று கூசாமல் சொல்வாள். அம்மா இல்லாத வீட்டில் அவள் வந்த பிறகுதான் எனக்குச் சோறு ருசித்தது.

அந்தக் கோடையில் வாந்திபேதி வந்தது. அண்ணிக்கு முந்தின நாள் இருட்டினதும் கண்டது. விடிவதற்குள் முடிந்துவிட்டது.

அண்ணன் சுவரோரம் குந்திக்கொண்டிருந்தார். பெரியப்பாதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சைக்கிள் எடுத்துக்கினு போயி அவ அப்பன இட்டாந்துடு. பெத்தவன் மொகம் பாக்காம எடுக்கக்கூடாது. ஆனா உச்சி சாஞ்சா வெச்சுக்க முடியாது. வெயிலும் இந்த வெயிலு, வியாதியும் இந்த வியாதி. கார்ப்பரேசன் ஆளு அப்பவே வந்து கேட்டுட்டுப் போயிட்டான்."

சரி என்று வண்டியைத் திருப்பினேன். ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினார்.

"அவ செத்துட்டான்னு சொல்லாத. ஒடம்பு சரியில்ல, வாந்திபேதி, ஒடனே வரச் சொன்னாங்கன்னு மட்டும் சொல்லு. வயசான மனுசன், வழியில உயுந்துட்டா யாரு தூக்கறது? இன்னொண்ணு. தண்ணி குடுத்தா வாங்கிக் குடிச்சுடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழவு சொல்லப் போகிறவன் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. இது பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். வந்தவன் சொம்பைத் தள்ளினால் போதும், வாய் திறந்து சொல்லவே வேண்டாம், வீட்டுப் பெண்கள் மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிடுவார்கள். அதனால்தான் பெரியப்பா குடிக்கச் சொன்னார். "குடிக்கலன்னா கண்டுபுடிச்சுடுவாரு. குடிச்சுடு" என்றார் மறுபடியும். தலையை ஆட்டினேன். பெரியப்பா சொன்னால் எதிர்த்துப் பேசுகிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

அண்ணியின் ஊர் வேளச்சேரி தாண்டி, சதுப்பு நிலத்தின் ஓரம். அடையாறு பாலம் தாண்டினதும் நல்ல ரோடு தீர்ந்துபோய்விடும். அப்புறம் மாட்டுவண்டித் தடம்தான். இரண்டு சக்கரப் பள்ளத்துக்கு நடுவே ஒரு முழம் மேடு, அதன் மேல் சைக்கிளை விடவேண்டும். கொஞ்சம் தவறினால் மணலில் புதைந்துவிடும். கவர்னர் தோட்டத்து வேலிக்குள்ளே மான்கள் நிழலில் படுத்து நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தன. தரமணிப் பக்கம் போகும்போது மரம் எல்லாம் ஒழிந்து வெறும் பனைதான். பனைக்கு என்ன பெரிய நிழல். வெறும் காலில் பெடல் சுட்டது. வேர்வை கண்ணில் வழிந்து வழி தெரியவில்லை.

பனந்தோப்பில் ஒருவன் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தான். "எங்க நைனா இந்த வெயில்ல?" என்று கேட்டான்.

"எழவு சொல்ல. எங்க அண்ணி செத்துட்டாங்க" என்றேன்.

வீட்டில் வராத அழுகை அங்கே வந்தது. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். முன்பின் தெரியாத ஆள், அவனிடம் எவ்வளவு லேசாகச் சொல்ல முடிந்தது. அவன் ஒரு நுங்கைச் சீவி நீட்டினான். கட்டைவிரலால் குத்திப் பார்த்தேன், குடிக்காமல் திருப்பிக் கொடுத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

மாமா கூரை மேல் இருந்தார். அண்ணியின் அப்பாவை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பெண்சாதி போய் ரொம்ப வருஷமாகிறது, ஒரே மகள், தனிக்கட்டை. மழைக்கு முன்னால் பனையோலை மாற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த ஓலை நழுவியது. ஏணியில் இறங்கி வந்தார்.

"அண்ணிக்கு ஒடம்பு சரியில்ல மாமா. வாந்திபேதி. ஒடனே ஒங்கள இட்டாரச் சொன்னாங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டுவந்து நீட்டினார். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பெரியப்பா சொன்னதற்காகக் குடித்தேனா, தாகத்துக்குக் குடித்தேனா என்று கேட்டால் இரண்டுக்கும்தான். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தேன். சொம்பைக் கீழே இறக்கியபோது மாமாவின் முகமே வேறு முகமாக இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் குடி நைனா" என்றார்.

கேரியரில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு ஆள் பாரத்தை அந்த மணலில் மிதித்தவனுக்குத்தான் தெரியும். பாதி தூரம் இறங்கித் தள்ளினோம். மாமா பேசிக்கொண்டே வந்தார். "நீ வந்த வேகத்தப் பாத்து எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு நைனா. வேற இன்னாமோன்னு நெனச்சுட்டேன். நீ தண்ணிய வாங்கிக் குடிச்ச பாரு, அப்பத்தான் போன உசுரு வந்துச்சு."

நான் முன்னால் பார்த்து மிதித்தேன். சைக்கிளில் ஒரு சௌகரியம், பின்னால் இருப்பவருக்கு நம் முகம் தெரியாது.

ஒரு சைக்கிளில் இரண்டு பேர் போனால் பிடிப்பான் என்று சைதாப்பேட்டைப் பாலத்தில் போலீஸ்காரனுக்காக இறங்கி நடந்தோம். சூரியன் இன்னும் உச்சிக்கு வரவில்லை. நேரே தேனாம்பேட்டை, ஆழ்வார்பேட்டை என்று விட்டால் வீடு. முகத்தைப் பார்த்துவிடலாம் என்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அப்போதுதான் மாமா ஹேண்டில்பாரைப் பிடித்தார். "மாம்பலம் ஏரிப் பக்கம் விடு நைனா. அங்க ஒரு ஹக்கீம் கீறாரு. முன்னால ஊரெல்லாம் பேதி வந்தப்ப இவ சின்னக் கொயந்த. கண்ணு சொருகிப்போச்சு. தோள்ல போட்டுக்கினு ஓடியாந்தேன். அந்த சாய்பு குடுத்த பொட்டணந்தான் காப்பாத்துச்சு. அதே கையால வாங்கிக்கினு போயிடலாம்."

"வேணாம் மாமா. நேரா போயிடலாம். வைத்தியம்லாம் பாத்துக்கினுதான் கீறாங்க."

"கைய வீசிக்கினு போறதா? எம் பொண்ணு என்னைப் பாத்து இன்னா நெனைக்கும்?"

அப்போதே சொல்லியிருக்கலாம் என்று இதைக் கேட்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்ல இவர்களுக்கு என்ன? அந்த மனிதர் மருந்து கிடைத்துவிட்டது போல நின்றுகொண்டிருந்தார். சுற்றி ஒரு நிழல் கிடையாது. இங்கே விழுந்தால் யார் தூக்குவது என்று பெரியப்பாவின் குரலே எனக்குள்ளும் கேட்டது. வண்டியைத் திருப்பினேன்.

மாமாவுக்குத் தெரிந்த வழி ஏரிக்கரை வழி. கரை மேலேயே போனால் ஒரு பெரிய புளியமரம், அங்கே இறங்கினால் சாய்பு வீடு. போனோம். கரையைக் காணோம். வெட்டி மண்ணை உள்ளே தள்ளியிருந்தார்கள். நூல் பிடித்தாற்போல நேர் நேராக ரோடு. வீடு ஒன்றுகூட இல்லை. மனைக்கு மனை கல் நட்டிருந்தது. மூங்கில் கூண்டுக்குள் இடுப்பளவு செடிகள், நாளைக்கு நிழல் தருமாம். செம்மண் ஏற்றின வண்டிகள் வரிசையாக வந்து கொட்டிக்கொண்டிருந்தன. ஒரு ரோட்டில் போய்த் திரும்பினால் அதே மாதிரி இன்னொரு ரோடு. புதுசாய்க் கொட்டின ஜல்லியில் சைக்கிள் குதித்துக் குதித்துப் போய், பின் டயர் உஸ்ஸென்று இறங்கிவிட்டது. தள்ளிக்கொண்டு நடந்தோம்.

மாமா ஒரு வண்டிக்காரனை நிறுத்தினார். "ஏரி எங்கப்பா கீது?"

"நீ நிக்கறதே ஏரிதான் பெரியவரே" என்றான் அவன்.

மாமா காலடியைப் பார்த்தார். குனிந்து செம்மண்ணைத் தொட்டுக்கூடப் பார்த்தார். உச்சி வெயில் தலைக்கு நேரே நின்றது. எங்கள் நிழல் காலுக்கடியில் போய்விட்டது. "நேரமாச்சு மாமா, போயிடலாம்" என்று கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை. புளியமரத்தை வெட்டி மூன்று வருஷமாகிறது, சாய்பு ரயில் ரோடு தாண்டி மேற்கு மாம்பலத்துக்குப் போய்விட்டார் என்று ஒரு கிழவி சொன்னாள். ரயில் கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஆற அமர ஊர்ந்து போனது. அதன் ஒவ்வொரு பெட்டியையும் நான் மனசுக்குள் திட்டினேன்.

ஹக்கீம் வயசாகி, கண் மங்கி, வாசல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாமா காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னார். ஹக்கீம் என்னைக் கிட்டே கூப்பிட்டார். "நீங்கதானே பாத்தீங்க தம்பி? கை கால் சில்லுன்னு இருந்திச்சா? ஒண்ணுக்குப் போச்சா?"

"தெரியல" என்றேன்.

"கூப்பிட்டா பதில் சொல்லிச்சா?"

எனக்கு வாய் கோணிக்கொண்டு போயிற்று. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். கண் மங்கினவருக்கு என் கையே எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். இவராவது போட்டு உடைத்துவிடமாட்டாரா என்று ஏங்கினேன். வயசானவர், வைத்தியர், அவர் சொன்னால் யார் குறை சொல்லப்போகிறார்கள்? அவர் உள்ளே போய் மூன்று பொட்டணம் மடித்து எடுத்துவந்து மாமா கையில் வைத்தார். காசை வாங்கவில்லை. "எங்கேயும் நிக்காதீங்க பெரியவரே. சீக்கிரம் ஊட்டுக்குப் போங்க" என்றார். அவரும் நெஞ்சு இளகினவர்தான், அவரும் சொல்லவில்லை.

காற்றில்லாத சக்கரத்தில் அவரையும் ஏற்றிக்கொண்டு மிதித்தேன். ரிம் கல்லில் இடித்துக் கடகடவென்று சத்தம் போட்டது. கடைக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்ற நினைப்பே இல்லை. தேனாம்பேட்டைத் தென்னந்தோப்புகள் வழியாக, ஆழ்வார்பேட்டைச் சந்துகள் வழியாக, தொடை இரண்டும் கழன்று விழுகிற மாதிரி மிதித்தேன். நிழல் கிழக்கே சாய்ந்து நீள ஆரம்பித்துவிட்டது. மாமா பொட்டணத்தை மடியில் முடிந்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு வந்தார்.

எங்கள் சந்துக்குள் திரும்பினோம். தெருவெல்லாம் காய்ந்து வெடித்துக்கிடந்த அந்த வெயிலில் எங்கள் வாசல் மட்டும் ஈரமாக இருந்தது. படியிலிருந்து சாக்கடை வரைக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவி விட்டிருந்தார்கள். ஈரத்தில் சாமந்தி இதழ்கள் ஒட்டிக்கிடந்தன. பிணம் போன பிறகுதான் அந்த நேரத்தில் ஒரு வீட்டு வாசலைக் கழுவுவார்கள்.

மாமா கேரியரிலிருந்து இறங்கவில்லை. வாசலைப் பார்த்தார், இதழ்களைப் பார்த்தார். உள்ளே இருந்த பெண்கள் அவரைக் கண்டு ஓவென்று ஒப்பாரி எடுத்தார்கள். அவர் அழவில்லை. "ஓட்டு" என்றார் என்னிடம்.

சுடுகாட்டுக்கு விட்டேன். அண்ணி கடைசியில் போன வழியிலேயே அவள் அப்பாவை வைத்து ஓட்டினேன். வழியெல்லாம் பொரி சிந்திக்கிடந்தது. பாதி வழியில் என் முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது. கோபம் இல்லை, சத்தம்கூட இல்லை.

"தண்ணி குடிச்சியே நைனா."

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது வறட்டி அடுக்கி மூடி, நெருப்பு மேலே பிடித்துவிட்டது. முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்தார்களாம். பெரியப்பா ஓடிவந்து மாமாவின் கையைப் பிடித்து, உங்கள் நல்லதுக்குத்தான் அப்படிச் சொல்லச் சொன்னோம் என்று ஆரம்பித்தார். மாமா கையை உருவிக்கொண்டு, மடியிலிருந்த பொட்டணங்களை எடுத்து நெருப்பில் போட்டார். அங்கேயே மண்ணில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக அண்ணன் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் நீட்டினார். காலையிலிருந்து அவர் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு எழுந்து, வேளச்சேரிப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். அதற்கப்புறம் காரியத்துக்கு வந்தார், வருஷத் திதிக்கு வந்தார். சாகிறவரைக்கும் அவர் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை.