ஆறேகால் அந்தர்ப் பலகை

1962ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 11ஆம் திகதி, சனிக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்கு எங்கள் கடைப் பலகை விழுந்தது. மழை இல்லை, முகில் இல்லை. சோழகக் காற்று மட்டும் மூன்று நாட்களாக ஒரே சீராக வீசிக்கொண்டிருந்தது. நேரத்தை எப்படி இவ்வளவு திட்டமாகச் சொல்கிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். சத்தம் கேட்டதும் நான் முதலில் பார்த்தது பலகையை அல்ல, மணிக்கூட்டை. எனக்கு அப்போது ஒன்பது வயதும் பதினொரு மாதமும். இப்போது எழுபத்துமூன்று. இடையில் இந்தப் பழக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை.

கடை பெரிய கடை அல்ல. அரியாலையில், கண்டி வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கைக்குள், என் காலடிக் கணக்கில் நூற்றுப் பதினெட்டு அடி உள்ளே, ஐயா, அதாவது என் அப்பா, தையல் மெசின் திருத்திக்கொண்டிருந்தார். வீதியால் போகிறவர் கண்ணுக்கு அது தெரியாது. ஒழுங்கை முகப்பில், ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சரம்மா ஒருவரின் மதிலில் தொங்கிய பலகைதான் ஆட்களை உள்ளே அனுப்பியது. மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் படிப்பித்த அவர் அந்த வீட்டில் தனியாக இருந்தார். அவருடைய மதிலில் பலகை தொங்கவிட ஐயா அனுமதி கேட்டு வாங்கியிருந்தார்.

விழுந்தது இரண்டாவது பலகை. முதலாவது இரண்டு வருடமும் நான்கு மாதமும் நின்றது. இது அவ்வளவும் நிற்கவில்லை. மேலே பெயின்ற் பளபளவென்று இருக்க, உள்ளே முழுவதையும் கறையான் தின்றிருந்தது. ரீச்சரின் மூன்று பூச்சாடிகள் உடைந்தன. அதைவிட மோசம், பலகையிலிருந்து புறப்பட்ட கறையான் மதிலோடு ஊர்ந்து அவருடைய யன்னல் நிலையிலும் ஏறியிருந்தது.

“இனி என்ரை மதிலிலை மரம் எண்டு ஒரு துண்டும் தொங்கக் கூடாது,” என்றார் ரீச்சர். “மரமில்லாத சாமான் ஏதும் எண்டால் வையுங்கோ. அதுவும் விழுந்துதெண்டால், பிறகு என்னட்டைக் கேட்டு வராதேங்கோ.”

ஐயா சாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, “ஓம் ரீச்சர், மரமில்லாமல் வைக்கிறன்,” என்றார்.

அடுத்த பதினொரு நாளில் கடைக்கு நான்கு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் வழி கேட்க வந்தவர். தீபாவளிக்கும் நத்தார்ப் பண்டிகைக்கும் ஊர் தைக்கிற இரண்டரை மாதம்தான் எங்களுக்கு வருமானக் காலம். அதற்குள் பலகை ஏறாவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு மறுபடியும் கொழும்புக் கம்பெனிக்கே வேலைக்குப் போவதென்று ஐயா அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டுவிட்டேன். அவர் முன்பு கொழும்பில் இருந்தபோது வருடத்தில் இரண்டு தரம் வருவார், வந்தால் ஒன்பது நாள் நிற்பார். பதினெட்டு நாள் ஐயாவை வைத்துக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டிய அனுபவம் எனக்கு இருந்தது. அது இரண்டாம் தரம் வேண்டாம் என்று அன்றே முடிவெடுத்தேன்.

ஐயா அவசரப்படவில்லை. கிணற்றடியில் ஒரு கம்பி கட்டி, தகரத்தில் ஒரு துண்டு, ஹாட்போர்ட்டில் ஒரு துண்டு, அஸ்பெஸ்டஸ் தகட்டில் ஒரு துண்டு என்று தொங்கவிட்டார். நான்காவதாக, உடைந்த வீடொன்றின் சிவப்புச் சீமெந்து நிலத்திலிருந்து பெயர்த்த ஒரு துண்டு. நாளுக்கு மூன்று வேளை அவற்றின் மேல் கடல் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. மூன்றாம் நாள் ஹாட்போர்ட் தேத்தண்ணீரில் ஊறிய பாண் போல வீங்கியது. ஆறாம் நாள் தகரம் துருப்பிடித்தது. அஸ்பெஸ்டஸ் இருபது நாள் அசையாமல் நின்றது. இருபத்தோராம் நாள் நான் அணிலுக்கு எறிந்த மாங்கொட்டை தவறி அதில் பட, நெடுகலாக வெடித்தது. ஐயா என்னை அடிக்கவில்லை. “இதையும் பாத்தது நல்லதாப் போச்சு,” என்றார்.

சீமெந்துத் துண்டு கொண்டுவந்தபோது இருந்தபடியே இருந்தது.

ஐயாவின் தம்பியை நாங்கள் குஞ்சியப்பு என்று கூப்பிடுவோம். வீடுகளுக்குச் சிவப்புச் சீமெந்து நிலம் போடும் மேசன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“என்ன அண்ணை, மதிலிலை நிலத்தைத் தொங்கவிடப் போறியளோ?”

“நீ போட்ட நிலம் எத்தினை வருசம் கிடக்கும்?”

“நான் செத்தாப் பிறகும் கிடக்கும்.”

“அப்ப போடு.”

எட்டடி நீளம், மூன்றடி அகலம். எங்கள் கடை முற்றத்தில் மணல் பரப்பி, அதன் மேல் பழைய பேப்பர் விரித்து, கோழிக்கூட்டுக் கம்பி வலையை உள்ளே வைத்துச் சீமெந்தை ஊற்றினார்கள். தடிப்பு எவ்வளவு என்று ஐயா கேட்டதற்கு, “நிலம் எண்டால் ரண்டரை இஞ்சி,” என்றார் குஞ்சியப்பு. அவர் வாழ்நாளில் வேறு தடிப்பில் எதுவும் போட்டதில்லை. மேலே சிவப்புத் தூள் தூவி, கரண்டியால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும்வரை மினுக்கினார். ஈரம் காய முதல் வெள்ளைப் பீங்கான் துண்டுகளைப் பதித்து எழுத்துக் கட்டினோம். ‘தையல் மெசின் திருத்தும் இடம்’. பதினான்கு எழுத்து, ஓர் அம்புக்குறி. அயல் வீடுகளில் நான் சேர்த்த முப்பத்தொரு உடைந்த கோப்பைகள் அதற்குப் போயின. ஐந்து புள்ளிகளுக்கு ஐந்து சோடாப் போத்தல் குண்டுகள்.

எத்தனை பை சீமெந்து, எத்தனை பெட்டி மணல் என்று கணக்குப் பார்த்தவன் நான். கடைசியில் மிஞ்சியது அரைச் சிரட்டைக் கலவை. “அண்ணை, உவனை என்னோடை வேலைக்கு விடுங்கோ,” என்றார் குஞ்சியப்பு. ஈரச் சாக்குப் போட்டு நாளுக்கு நான்கு தரம் தண்ணீர் தெளித்த இருபத்தொரு நாளும் நான் அந்தப் பெருமையோடு திரிந்தேன்.

இருபத்திரண்டாம் நாள் ரீச்சரிடம் போய், திங்கட்கிழமை பலகை ஏறும் என்றேன். என்ன பலகை என்று கேட்டார். சொன்னேன்.

“எட்டு மூண்டு இருபத்துநாலு. ரண்டரை இஞ்சித் தடிப்பெண்டால் அஞ்சு கன அடி,” என்றார், கண்ணை மூடிக்கொண்டு. “கன அடிக்கு நூற்றிநாப்பது இறாத்தல் வை. எவ்வளவு?”

“எழுநூறு, ரீச்சர்.”

“அந்தர் கணக்கிலை?”

அந்தர் ஒன்றுக்கு நூற்றுப் பன்னிரண்டு இறாத்தல். “ஆறேகால்,” என்றேன்.

“என்ரை மதில் முருகைக்கல்லும் சுண்ணாம்பும். நான் சாய்ஞ்சாலே அது சாயும். உதைத் தொங்கவிட்டால் போர்ட் விழாது தம்பி, மதில்தான் விழும்.”

மணலையும் சீமெந்தையும் எழுத்தையும் புள்ளியையும் எண்ணிய நான் பாரத்தை எண்ணவில்லை. வீட்டில் சொன்னபோது ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாக அறுக்கலாம் என்றார் குஞ்சியப்பு. அறுத்தால் ‘மெசின்’ நடுவில் பிளக்கும், உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். ஐயா மறுத்துவிட்டார். ஒழுங்கையில் நிறுத்தினால் வண்டில் திரும்பாது. மீதி இருந்தது ஒரே வழி. ரீச்சரின் மதிலில் எட்டடியை இடித்து, அந்த இடத்தில் அத்திவாரம் போட்டு இதை நிறுத்த வேண்டும். அதற்கு அவருடைய காணியில் எட்டடி நீளமும் ஒன்பது அங்குல அகலமும் வேண்டும்.

“காணி கேக்கப் போறியளோ?” என்றார் குஞ்சியப்பு. “அதைவிட அவவின்ரை வாயிலை இருக்கிற பல்லைக் கேளுங்கோ. குடுத்தாலும் குடுப்பா.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வேலியை ஒரு சாண் தள்ளிப் போட்டதற்காக அண்ணனும் தம்பியும் நீதிமன்றப் படி ஏறி, பேரப்பிள்ளைகள் காலத்திலும் வழக்கு முடியாத ஊர்கள் எங்களுடையவை. ஐயா கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. தீபாவளிக்கு இன்னும் இருபத்தேழு நாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ரீச்சர் தேவாலயத்தால் வந்து குடையை மடக்கும்வரை வாசல் படலையடியில் நின்றேன். கொப்பியில் கீறிய படத்தை நீட்டினேன். “ஆறு சதுர அடி வேணும், ரீச்சர்.”

“ஐயா அனுப்பினவரோ?”

“இல்லை.”

“அவருக்குத் தெரியுமோ?”

“இல்லை. போர்ட் வைக்காட்டி ஐயா கொழும்புக்குப் போயிடுவார்.”

அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். ஓர் அளவைத் திருத்துவார் என்று நினைத்தேன்.

“இது எனக்குச் சீதனத்துக்கெண்டு ஒதுக்கின காணி,” என்றார். “நாலு பரப்பு. ஆறு சதுர அடி குறைஞ்சுதெண்டு இனி ஆர் வந்து அளக்கப் போகினம்?”

“ஊர் விதானையார் அளப்பார், ரீச்சர்.”

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சரியான விடை சொன்ன சந்தோஷத்தில் நானும் சிரித்தேன்.

“ஐயாவை வரச் சொல்லு,” என்றார். “வாயாலை குடுக்கமாட்டன். காணி உறுதி எழுதித்தான் குடுப்பன்.”

மதிலை இடித்து அத்திவாரம் போட்டு, இரண்டடி உயரத்துக்குக் கல்லுக் கட்ட எட்டு நாள் ஆனது. பலகையை நகர்த்தக் குருநகரிலிருந்து வள்ளம் இழுக்கிறவர்கள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் வீட்டு மெசின்களில் ஏழு ஐயாவின் கையால் ஓடியவை. கூலி கேட்கவில்லை. அவர்களில் மூத்தவர் பலகையைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

“இதென்ன வள்ளம்? மிதக்குமோ?”

“கடலிலை விட்டால் உன்னையும் கொண்டு போகும்,” என்றார் குஞ்சியப்பு.

ரீச்சர் படலைக்குள் நின்று, “கள்ளு மணத்தோடை ஒருத்தரும் என்ரை காணியிலை கால் வைக்கக் கூடாது,” என்றார்.

“ஐயோ ரீச்சரம்மா, இண்டைக்கு வெறும் தேத்தண்ணிதான். கை வழுக்கினால் எங்களை ஏசாதேங்கோ!”

பனங்குற்றிகளை வரிசையாகப் போட்டு, வள்ளத்தைக் கரையேற்றுவது போல அதை ஒழுங்கையால் உருட்டினார்கள். ஆளுக்கு ஐம்பத்தெட்டு இறாத்தலும் கொஞ்சமும். மணலைச் சாய்வாகக் குவித்து, கயிறு கட்டி, மெல்ல நிமிர்த்தினார்கள். பலகை நிமிரும்போது ஐயா தன் தோளைக் கீழே கொடுத்தார். அவர் முகம் அந்தப் பலகையின் நிறத்துக்கு வந்தது. ஒரு தரம் வலப்பக்கம் சரிந்தது. “விடாதை, விடாதை!” என்று ரீச்சரே கத்தினார். பிறகு தானாகப் போய் இருப்பது போலக் கல்லுக் கட்டில் இருந்தது. காலை பத்து மணி ஐந்து நிமிடம்.

அன்று மாலைக்குள் ஒன்பது பேர் கடைக்கு வந்தார்கள். ஐயா கொழும்பு என்ற சொல்லை மறுபடி எடுக்கவில்லை. இப்போது யாழ்ப்பாணத்தில் பிளாஸ்டிக் துணியில் சிரித்த முகங்களோடு அச்சடித்துத் தொங்கவிடுகிறார்கள். ஒரு சோழகத்துக்கு அது தாங்குவதில்லை, கிழிந்து வயரில் தொங்கிக் கண்ணைக் குத்துகிறது. ஐயாவின் பலகை இன்றும் நிற்கிறது. யுத்தத்தில் சுற்றியிருந்த எத்தனையோ சுவர்கள் போன காலத்திலும் அதில் பதினொரு துப்பாக்கிச் சன்ன ஓட்டைகள் மட்டும் விழுந்தன. கறையான் ஏறவில்லை.

பலகை நின்ற பிறகு, எல்லைகளை அளந்துகொண்டு பட்டணத்தில் உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனோம். ஐயா, ரீச்சர், நான். கொப்பி என் கையில். செலவுக் கணக்கு முழுவதும் அதில் இருந்தது. காணிக்கு ஐயா முப்பது ரூபாய் கொடுக்க நின்றார். உறுதியில் ஒரு ரூபாய் என்று எழுதச் சொன்ன ரீச்சர் அதற்கு மேல் ஒரு சதம் வாங்க மறுத்துவிட்டார்.

நொத்தாரிசு கடதாசியிலிருந்து தலையை எடுக்காமலே எழுதிக்கொண்டு போனார். “பொம்பிளையின்ரை காணியெண்டால் புருசனும் சம்மதிச்சுக் கையெழுத்து வைக்கோணும். அதுதான் எங்கடை தேசவழமைச் சட்டம். அதுக்கு வேறை கடதாசி, ரண்டு ரூவா ஐம்பது சதம். அவர் வரேல்லையோ?”

“இல்லை,” என்றார் ரீச்சர். “அந்தக் காசு இவைக்கு மிச்சம்.”

நொத்தாரிசு அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். ஐயா யன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் கொப்பியைத் திறந்து, ‘புருசன் கையெழுத்து, தேவையில்லை. மிச்சம் ரூபாய் 2.50’ என்று எழுதினேன். செலவில் மட்டும் கவனமாக இருந்தால் போதாது, மிச்சத்தையும் எழுத வேண்டும் என்பது என் கொள்கை. எழுதியதை ஐயாவிடம் காட்டினேன். அவர் கையால் பக்கத்தை மூடினார். ரீச்சர் அந்தக் கையை விலக்கிக் கொப்பியை வாங்கினார். நொத்தாரிசின் பேனாவை எடுத்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தார். கடைசி வரியில் கொஞ்சம் நின்றார். பிறகு அதன் பக்கத்தில் ஒரு சரி போட்டார்.

“கணக்குச் சரி,” என்றார்.

பஸ்ஸிலும் ஒழுங்கையிலும் ஐயா என்னோடு கதைக்கவில்லை. ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்று மட்டும் விளங்கியது, என்ன பிழை என்று விளங்கவில்லை. வழியில் மூன்று தரம் மேலிருந்தும், ஒரு தரம் கீழிருந்தும் கூட்டிப் பார்த்தேன். நான்கு தரமும் எண்பத்துமூன்று ரூபாய் அறுபத்தைந்து சதமே வந்தது.