அடிபட்ட வண்டி வாங்கிய வேனம்மா

பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, பெல்ட் மாட்டிவிட்டு, மூக்கைத் துடைத்துவிட்டு, பின் இருக்கைச் சண்டைகளைப் பிரித்துவிட்டே அவளுக்கு வயது நாற்பத்தாறு ஆகிவிட்டது. வேனம்மா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். பெற்றோர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். கடைசியில் அவள் புருஷனே ஒருநாள் வாய்தவறி, "வேனம்மா, என் கண்ணாடியப் பாத்தியா?" என்று கேட்டுவிட்டார். அப்புறம் சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான்.

அத்தனை வருஷமும் அவள் உட்கார்ந்தது டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில். அவர் பிரேக்கை மிதித்தால் இவள் காலும் தானாக அழுந்தும். அதைக் கவனித்த டிரைவர், வேன் சும்மா நிற்கும் மதியங்களில் பள்ளி மைதானத்தில் அவளை ஓட்டவிட்டார். அந்த நீள வேனைப் பின்னால் எடுத்து இரண்டு மரங்களுக்கு நடுவே கீறல் படாமல் நிறுத்துகிற அளவுக்குத் தேறினாள். முறைப்படி உரிமமும் எடுத்தாள். எதற்கு என்று கேட்டவர்களிடம், "இருக்கட்டுமே, சோறா கேக்குது?" என்பாள்.

பிறகு பள்ளிக்கூடம் வேன்களில் கேமரா வைத்தது. கதவு தானாகத் திறந்து மூடியது. கூடப் போகிற ஆள் வேண்டாம் என்று ஒரு பூங்கொத்தும் சேர வேண்டிய பணமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பூங்கொத்து ரெண்டு நாளில் வாடிவிட்டது. மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் அவள் அறிவித்தாள்.

"கார் ஓட்டச் சொல்லித் தரப் போறேன். வயசானவங்களுக்கு, பயந்தவங்களுக்கு. அதுக்கு ஒரு கார் வாங்கணும்."

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் புருஷன், "வாங்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார். அவர் எதற்கும் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் அன்று விருந்துக்கு வந்திருந்த தம்பி, கார் ஷோரூமில் விற்பனையாளன். பேசுவதற்குத்தான் அவனுக்குச் சம்பளமே.

"புதுசா எடுத்துரு அக்கா. நான் தள்ளுபடி வாங்கித் தர்றேன்."

"புதுசு வாங்குற அளவுக்கு எங்கிட்ட ஏதுடா? பழசு பாரு."

அவன் பார்த்துச் சொன்ன பழைய வண்டிகளும் அவள் கைக்கு எட்டவில்லை. எட்டுகிற விலையில் இருந்தவை எல்லாம் நாலு தெரு போவதற்குள் மூச்சு வாங்குகிற கிழடுகள். அப்படித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் மருந்துக் கடைக்காரரின் வண்டி கண்ணில் பட்டது. வாங்கி இரண்டே வருஷம். சாம்பல் நிறம். அதே வயதுள்ள மற்ற வண்டிகளைவிட மூன்றில் ஒரு பங்கு விலை குறைவு.

மருந்துக் கடைக்காரர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். வண்டியைச் சுற்றிக் காட்டும்போதே சொல்லிவிட்டார். "சந்திப்புல ஒரு லாரி இடது பக்கம் இடிச்சிருச்சும்மா. முன் கதவு, பம்பர், விளக்கு எல்லாம் மாத்தியாச்சு. இப்ப ஓட்டுனா வித்தியாசமே தெரியாது. ஆனா இத சொன்ன உடனே வர்றவங்க எல்லாம், வீட்டுல கேட்டுட்டு வர்றோம்னு போயிடறாங்க. ஒருத்தரும் திரும்பி வரல."

"நான் வீட்டுல கேட்டுட்டுத்தான் சார் வந்திருக்கேன்" என்றாள் வேனம்மா. "இடிச்சப்ப எடுத்த படம் இருக்கா?"

இருந்தது. கதவு உள்ளே குழிந்து, விளக்கு உடைந்து, பார்க்கவே பாவமாக இருந்தது வண்டி. அவள் எல்லாப் படங்களையும் ஒன்றுவிடாமல் பார்த்தாள். மறுநாள் பள்ளி வேன்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக்கைக் கையோடு கூட்டி வந்தாள். அவர் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் நுழைந்தார். தட்டினார், தடவினார், டார்ச் அடித்தார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"அடி தோல்ல பட்டிருக்கு. எலும்புல படல. தைரியமா வாங்கலாம்."

தம்பிக்குச் செய்தி போனதும் போனில் குதித்தான். "அக்கா, உனக்கு என்ன ஆச்சு? அடிபட்ட வண்டிக்கு மறுவிலையே கிடையாது. எவ்வளவு நல்லா ரிப்பேர் பண்ணாலும் அந்தப் பேர் போகாது. நாளைக்கு நீ விக்கப் போனா தெரியும்."

"எனக்கு விக்க வண்டி வேணாம்டா. ஓட்ட வண்டி வேணும்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க."

"சரி, அந்தப் பேரால குறைஞ்ச விலை யாருக்கு நஷ்டம்? புதுசு வாங்குன அந்த மனுஷனுக்கு. அவருக்குப் போனது போச்சு. நான் குறைஞ்ச விலையிலதான வாங்குறேன்?"

கடைசியில் தம்பி, "உன் காசு, உன் இஷ்டம்" என்று போனை வைத்துவிட்டான்.

வண்டி வந்தது. பக்கத்து இருக்கைக்கு இன்னொரு பிரேக் பொருத்தி, பயிற்சி தருவதற்கான அனுமதியும் வாங்கி, கூரைமேல் ஒரு பலகை மாட்டினாள். முதல் மாதம் ஈ ஓட்டினாள். இரண்டாம் மாதம் ஒரு செவிலி வந்தாள். வேனம்மாவின் புருஷன் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிதான், அவர்தான் அனுப்பியிருக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு பயிற்சிப் பள்ளிகள் அவளைக் கைகழுவி விட்டிருந்தன. கிளட்சை விட்டாலே வண்டி துள்ளி அணைந்தது.

"எங்கயாச்சும் இடிச்சிட்டா என்ன பண்றது வேனம்மா? முன்னாடி சொல்லிக் குடுத்தவரு, வண்டி விலை என்னன்னு தெரியுமான்னு கத்திட்டே இருப்பாரு."

"இது ஏற்கெனவே லாரியில அடி வாங்குன வண்டி. நீ தலைகீழா நின்னாலும் அந்த அளவுக்கு இடிக்க முடியாது. எடு."

செவிலி சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் கிளட்சை விட்டாள். வண்டி துள்ளாமல் நகர்ந்தது. அன்று முழுக்க ஒரு தடவைகூட அணையவில்லை.

அந்த ஒரு வாக்கியம் ஊருக்குள் பரவிவிட்டது. ஓய்வு பெற்ற கணக்கர் வந்தார், புருஷன் திட்டியே ஓட்ட விடாத தையல்காரி வந்தாள், மகள் வாங்கிக் கொடுத்த காரை மூடி போட்டே வைத்திருந்த ஒரு மாமியார் வந்தார். யாரும் வண்டியை நினைத்துப் பயப்படவில்லை. பயம் போனதும் ரோடு கண்ணுக்குத் தெரிந்தது. தேர்வில் மூன்று தடவை கோட்டைவிட்டவர்கள்கூட இவளிடம் வந்து தேறினார்கள். காலையில் ஆள், மாலையில் ஆள். இடையில் தூங்க நேரம் தேடினாள் வேனம்மா.

நான்கு வருஷம் ஓடியது. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அதிகமாகி, இந்த ஒரு வண்டி போதவில்லை. இதை விற்று, மிச்சம் பிடித்த பணத்தையும் போட்டு இரண்டு வண்டி எடுக்கலாம் என்று முடிவு செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கார் வியாபாரி ஒருவரை வரச் சொன்னாள். தம்பியும் வந்து வாசலில் நின்றான். தான் அன்று சொன்னது பலிக்கப் போகிறது என்கிற முகம் அவனுக்கு.

வியாபாரி சுற்றிப் பார்க்கும் முன்பே வேனம்மா லாரி இடித்ததைச் சொன்னாள், படத்தையும் காட்டினாள். தான் கேட்கிற விலையையும் சொன்னாள். வியாபாரி பெருமூச்சு விட்டார்.

"அடிபட்ட வண்டிம்மா. இதுல மூணுல ஒரு பங்கு கழிச்சுக்கங்க."

"நான் சொன்ன விலையே கழிச்ச விலைதான். அடிபடாத வண்டி இதே வயசுல என்ன விலைக்குப் போகுதுன்னு விசாரிச்சு, அதுல மூணுல ஒரு பங்கு எடுத்துட்டுத்தான் சொன்னேன். இன்னொரு தடவை கழிக்கச் சொல்றீங்க. ஒரே அடிக்கு ரெண்டு தடவை அழ முடியாது சார்."

வியாபாரி தம்பியைத் திரும்பிப் பார்த்தார், ஆண்பிள்ளை எடுத்துச் சொல்லட்டும் என்பதுபோல. தம்பி கைபேசியில் விலைகளைத் தட்டிப் பார்த்தான். மறுபடியும் தட்டினான்.

"அக்கா சொல்றது சரிதாங்க" என்றான்.

வியாபாரி கொஞ்சம் ஏறி வந்தார். வேனம்மா இறங்கவில்லை. அவர் போய்விட்டார். தம்பி ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினான். அதற்குள் தெருமுனையிலிருந்து செவிலி வேகமாக நடந்து வந்தாள்.

"வேனம்மா, வண்டிய விக்கிறீங்களாமே. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்குப் புதுசு வாங்குற வசதி வந்திருச்சேன்னு விட்டுட்டேன்."

"புதுசு எனக்கு எதுக்கு? அதோட குணம் எனக்கு என்ன தெரியும்? இதோட ஒவ்வொரு கீறலும் தெரியும். அதுல பாதி நான் போட்டதுதான்."

கேட்ட விலைக்கே முடிந்தது. ஒரு காசு குறையவில்லை. பணம் கைமாறியதும் தம்பி கொஞ்ச நேரம் கணக்குப் போட்டான். "நீ இத வாங்குன மாசம் எங்கிட்ட புதுசு எடுத்த ஒருத்தர் போன வாரம்தான் வித்தாரு. விலையில அவருக்குப் போனதுல உனக்குப் பாதிகூடப் போகல. அதுவும் அவரு வண்டி ஒரு பைசா சம்பாதிக்கல."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னிக்கு எனக்குத் தெரியல அக்கா." சொல்லும்போது தலையைச் சொறிந்துகொண்டான். மறுவாரமே, அடிபட்டதால் விலை இறங்கிய நல்ல வண்டிகளாகத் தேடி, மெக்கானிக்கையும் அழைத்துக்கொண்டு அவளோடு அலைந்தான். ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு. இரண்டுக்கும் எலும்பு சுத்தம்.

சிவப்பு வண்டியில் சொல்லித்தர அவளிடமே கற்றுத் தேறிய தையல்காரியை வேலைக்குச் சேர்த்துக்கொண்டாள். பயிற்சி தருவதற்கான தேர்வையும் அந்த அம்மா முதல் தடவையிலேயே முடித்திருந்தார். இரண்டு வண்டிகளும் முதன்முறையாகச் சேர்ந்து தேர்வு மைதானத்துக்குப் போன நாளில், கூட்டிப்போன அத்தனை பேரும் தேறினார்கள். மைதானத்து அதிகாரி பேனாவை மூடிக்கொண்டே, "எங்கேம்மா புடிக்கிறீங்க இந்த ஆளுங்கள?" என்று கேட்டார்.

"மத்தவங்க வேணாம்னு விட்டவங்கதான் சார்."

திரும்பி வரும்போது வெள்ளை வண்டி முன்னால், சிவப்பு பின்னால். தேவையில்லாமல் ஹாரன் அடிக்கக்கூடாது என்று ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்த வேனம்மா, தன் தெரு தொடங்கிய இடத்திலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே வந்தாள். ஜன்னல்கள் திறந்தன. புருஷன் என்னவோ ஏதோ என்று துண்டோடு வெளியே ஓடிவந்தார்.

"எல்லாரும் பாஸுங்க" என்றாள் அவள், கையை எடுக்காமலே.